பத்தொன்பதாம் நாள் எச்சரிக்கை

தெப்ராவ் வட்டாரத் தமிழர் இணைய மோசடித் தடுப்பு விழிப்புணர்வு முன்னேற்ற இயக்கம். இதுதான் முழுப் பெயர். நீளம் என்று யாராவது சொன்னால் தலைவர் கமலநாதனுக்குக் கோபம் வரும். மோசடிக்காரன் மட்டும் சுருக்கமாகவா பேசுகிறான் என்று கேட்பார். பதாகையில் அந்தப் பெயரை ஒரே வரியில்தான் எழுத வேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். பதாகையோ மண்டபத்து மேடையைவிட நீளம். அதனால் மிச்சத்தை மடித்துத் தூணுக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். நான்கு ஆண்டுவிழாப் படங்களிலும் 'தெப்ராவ் வட்டாரத் தமிழர் இணைய மோசடி' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே தலைவரும் செயற்குழுவும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இயக்கம் சும்மா இருந்துவிடவில்லை. வருடத்துக்கொரு விருந்து வைத்தது. கடற்கரை ஊரான மெர்சிங்குக்கு இரண்டு நாள் 'மோசடி ஆய்வுப் பயணம்' போனது. படகேறித் தீவையும் பார்த்துவிட்டு, அந்தத் தீவில் இணைய மோசடி எதுவும் தென்படவில்லை என்று எட்டுப் பக்க அறிக்கை கொடுத்தது. டைல்ஸ் கடை முதலாளியான கமலநாதனுக்குச் 'சமூகச் செம்மல்' என்ற பட்டத்தை அளித்தது. பட்டம் கொடுக்கலாமா என்று முடிவு செய்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

நானூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவும் இயக்கத்துக்கு உண்டு. அதில் தலைவரும் செயலாளர் சுகுமாறனும் மட்டும்தான் எதையும் போட முடியும். ஒரு காலத்தில் எல்லாரும் போடலாம் என்றுதான் இருந்தது. தலைவரின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் யாரோ ஒருவர் கெம்போங் மீனின் விலையைப் போட்டதிலிருந்து கதவை அடைத்துவிட்டார்கள்.

உலு திராமில் இருக்கும் யோகேஸ்வரி அந்தக் குழுவில் சேர்ந்தது ஒரு குடைக்காக. கோவில் திருவிழாவில் இயக்கம் கூடாரம் போட்டிருந்தது. கைப்பேசியில் ஸ்கேன் செய்து சேர்ந்தால் குடை இலவசம். குடை மூன்றாவது மழையில் முறிந்தது. குழு மட்டும் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவோடும் தலைவரின் படத்தோடும் வந்துகொண்டிருந்தது.

யோகேஸ்வரி ஏமாறுகிற ஆள் இல்லை. தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை செய்தவள். சர்க்கியூட் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. பக்கத்து நாற்காலியில் கஸ்தூரி. இரண்டு பேரும் கஸ்தூரியின் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்கள். யோகேஸ்வரிக்கென்று ஒரு நீல ஹெல்மெட் அந்த வண்டியிலேயே தொங்கும். சந்தேகமான பலகை கைக்கு வந்தால் கஸ்தூரி வாய் திறந்து கேட்க மாட்டாள். அதை யோகேஸ்வரியின் முகத்துக்கு நேரே நீட்டுவாள், அவ்வளவுதான். யோகேஸ்வரி பார்த்து "ஓக்கே" என்றால் பலகை போகும். "ரிஜெக்ட்" என்றால் சிவப்புக் கூடையில் விழும். அந்தக் கண் தவறியதாக ஒரு நாளும் மேலிடத்திலிருந்து புகார் வந்ததில்லை.

போன வருடம் கம்பெனி அந்த உற்பத்தி லைனையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேர் கையிலும் இழப்பீட்டைக் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கஸ்தூரி தன் பணத்தை மகள் ரூபினியின் நர்சிங் படிப்புக்கென்று தொடாமல் வைத்திருந்தாள். வயது நாற்பத்து மூன்று ஆன இரண்டு பெண்களை எந்தத் தொழிற்சாலையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரோஜாப்பூ வரவில்லை. அதற்குப் பதிலாக 'இணைப்பு 1' என்ற தலைப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்தே வேலை. ஓட்டல்களுக்கு இணையத்தில் நட்சத்திரம் போட வேண்டும். அனுபவம் தேவையில்லை. நாளுக்கு நூற்றைம்பது வெள்ளி சம்பளம். மூலையில் இயக்கத்தின் முத்திரை.

யோகேஸ்வரி இரண்டு முறை படித்தாள். வேறு எங்கிருந்து வந்திருந்தாலும் அழித்திருப்பாள். இது மோசடியைத் தடுக்கிறவர்களே அனுப்பியது. சலித்து எடுக்காமலா அனுப்புவார்கள்? அப்படியும் அவளுடைய பதினாறு வருடப் புத்தி சும்மா இருக்கவில்லை. "அண்ணே, இந்த வேலைய நம்பலாமா?" என்று சுகுமாறனுக்குத் தனியாகக் கேட்டு அனுப்பினாள். ஒரு நொடியில் பதில் வந்தது: 'தங்கள் அக்கறைக்கு நன்றி. என்றும் விழிப்போடு இருப்போம்!' பின்னால் உயர்த்திய கட்டைவிரல். யார் எதைக் கேட்டு அனுப்பினாலும் அந்தக் கைப்பேசி தானாகவே அந்தப் பதிலைத்தான் அனுப்பும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை கஸ்தூரி வீட்டுக்கு வந்தாள். யோகேஸ்வரி அனுப்பியிருந்த விளம்பரத்தைத் திறந்து, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஓக்கே" என்றாள் யோகேஸ்வரி.

வேலைக்கு அவர்களை எடுத்துக்கொண்டவள் மேனேஜர் லிண்டா. குரல் கிடையாது, படம் மட்டும் உண்டு. முதல் நாள் நாற்பது ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டார்கள். நூற்றைம்பது வெள்ளி நிஜமாகவே வங்கிக் கணக்கில் விழுந்தது. நான்காம் நாள் 'பிரிமியம் வேலை' வந்தது. அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். வங்கி வழியாக அல்ல, யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில். ஏன் என்று கேட்டதற்கு, இது அனைத்துலகக் கம்பெனி, அதனால் அனைத்துலகப் பணம் என்றாள் லிண்டா. அவள் நடத்திய குழுவில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் தினமும் தாங்கள் எடுத்த பணத்தைப் படம் போட்டு லிண்டாவைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கைப்பேசித் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால் மட்டும் வரவில்லை. எடுக்க வரி கட்டு என்றார்கள், கட்டினார்கள். வரி கட்டியதற்குச் சரிபார்ப்புக் கட்டணம் என்றார்கள், அதையும் கட்டினார்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவன் வேலைக்காரியிடமே காசு கேட்கிற வேலை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யோகேஸ்வரிக்குத் தோன்றியபோது, லிண்டாவும் இல்லை, கும்பிட்ட முப்பது பேரும் இல்லை. அவளுடைய இழப்பீடும் இல்லை, ரூபினியின் படிப்பும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் இயக்கத்தின் குழுவில் 'இணைப்பு 2' வந்தது. விரலை நீட்டி எச்சரிக்கும் தலைவரின் படம் திரை முழுக்க இருந்தது. அவருடைய காலடியில் பொடி எழுத்தில், 'இணைப்பு 1-இல் கண்ட வேலை மோசடி. நம்பி ஏமாறாதீர்' என்று இருந்தது. யோகேஸ்வரி மேலே தள்ளிப் பார்த்தாள். இணைப்பு 1 இருந்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் கிடந்தது.

போலீஸில் புகார் கொடுத்தாள். கணவன் கனகராஜ், "போனது போயிருச்சு, விடு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினான். கஸ்தூரி அப்படி விடவில்லை.

"நான் சேந்த அன்னிக்கு உன் கணக்குல முப்பது வெள்ளி ஏறுச்சே, அது என்னா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அறிமுக போனஸ்னு அவங்களே போட்டாங்கடி. நான் கேக்கவே இல்ல. அதுவும் சேந்துதான் போச்சு."

"என்னைய முப்பதுக்கு வித்துட்ட."

"அந்த இயக்கத்து குரூப்புலருந்து வந்துச்சுடி. சத்தியமா."

"முத்திரைய யாரு வேணும்னாலும் ஒட்டலாம். குரூப்புல எங்க, காட்டு."

யோகேஸ்வரி காட்டினாள். நீக்கப்பட்டது என்ற வரியைக் கஸ்தூரி வெகுநேரம் பார்த்தாள்.

"பதினாறு வருசம் உன் கண்ண நம்புனேன்" என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பணம் போனதைக்கூட யோகேஸ்வரி ஒருவாறு விழுங்கிக்கொண்டாள். இது தொண்டையில் நின்றது. தன்னை ஒரு தரகுக்காரி என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டு சாகும்வரை இருப்பாளே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. விளம்பரம் எங்களிடமிருந்துதான் போனது என்று இயக்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதை வாங்கத்தான் டைல்ஸ் கடைக்கு மேலே இருந்த இயக்க அலுவலகத்துக்குப் படியேறினாள்.

"உறுப்பினர் எண்?" என்றார் சுகுமாறன்.

"குரூப்புல இருக்கேன்ணே."

"குரூப் வேற, உறுப்பினர் வேற லா. குரூப்புல இருக்கறவங்க எல்லாம் விழிப்புணர்வு அடைஞ்சவங்க. உறுப்பினர் மட்டும்தான் ஏமாற முடியும். வெளியாள் ஏமாந்தா எங்க புள்ளிவிவரத்துல ஏறாது."

ஐம்பது வெள்ளி கட்டி உறுப்பினர் ஆனாள். அப்புறம் 'ஏமாந்தோர் பதிவுப் படிவம்' ஒன்றை மூன்று பிரதிகளில் நிரப்பச் சொன்னார். அதற்குச் சரிபார்ப்புக் கட்டணம் இருபது வெள்ளி. அந்தச் சொல்லை யோகேஸ்வரி சமீபத்தில்தான் கேட்டிருந்தாள். இருந்தாலும் கட்டினாள்.

"இப்ப லெட்டர் தாங்கண்ணே. இணைப்பு ஒன்னு இங்கேருந்துதான் வந்துச்சுன்னு."

சுகுமாறன் கணினியைப் பார்த்தார். "எங்க ரெக்கார்டுல இணைப்பு ரெண்டு மட்டும்தான் இருக்கு."

"ரெண்டு இருந்தா ஒன்னு இருக்கணும்ல?"

"இருக்கணும்னு ஒன்னும் சட்டம் இல்லியே."

"நீங்கதானே அதை அழிச்சிங்க?"

"அழிச்சதுக்கு ரெக்கார்டு இல்ல" என்றார் அவர், வருத்தமாகவே.

அப்போது தலைவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. ஐந்தாம் ஆண்டுவிழாவுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, ஏமாந்தவர் மட்டும் கிடைக்கவில்லை என்று ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தார்களாம். ஏமாந்த பலர் இருக்கிறார்கள், மேடைக்கு வர வெட்கப்படுகிறார்கள், சமுதாயம் எப்படி முன்னேறும் என்று அலுத்துக்கொண்டார்.

"லெட்டர வெச்சு என்னம்மா பண்ணப் போறிங்க? நீங்க மேடைக்கு வாங்க. உங்க சிநேகிதியையும் வரச் சொல்லுங்க. எல்லாத்தையும் நானே மைக்குல சொல்றேன். என் வார்த்தைய நம்புங்க" என்றார்.

யோகேஸ்வரி நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இரண்டு சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. சுகுமாறன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். 'பேராசையால் மதி இழந்தேன்' என்று அது தொடங்கியது.

"எனக்குப் பேராசை இல்லண்ணே. வேலைதான் கேட்டேன்."

"ஏமாந்தவங்க உரை அப்படித்தான் தொடங்கணும். அது மரபு. மூனாவது வரியில அழுகணும். இடது பக்கம் திரும்பி அழுங்க, போட்டோகிராபர் அங்கதான் நிப்பாரு."

விழாவன்று கஸ்தூரி வந்துவிட்டாள். 'ஒரே ஒரு தடவை வாடி, அப்பறம் உன் இஷ்டம்' என்று ஆறு முறை குரல் பதிவு அனுப்பியதற்கு அவள் பதில் சொல்லவில்லை, ஆனால் வந்தாள். வாசலில் ஸ்கேன் செய்து இயக்கத்தின் குழுவில் சேர்ந்தால்தான் சாப்பாட்டுக் கூப்பன் என்றார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்ந்தாள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

குத்துவிளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். விளக்குக்கு ஐந்து முகம்தான் என்பதால் நான்கு பேர் எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை நாற்பது நிமிடம் போனது. அதில் முப்பத்தைந்து நிமிடம் பெயர்கள். பிறகு சமூகச் செம்மல் எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, ஏமாந்தவர்களே, இனிமேல் ஏமாறவிருப்பவர்களே! வேலை தருகிறேன் என்று சொல்லி உங்களிடமே கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள்! கிரிப்டோவில் கட்டு என்றால் ஓடிவிடுங்கள்! ஒரு குழுவில் எல்லாரும் ஒரே ஆளைப் புகழ்ந்துகொண்டிருந்தால், அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்!"

செயற்குழுவினர் எழுந்து நின்று தலைவரைப் புகழ்ந்து கை தட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்தார். உற்சாகம் தலைக்கேறியிருந்தது.

"நம் இயக்கத்தின் தரத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுகிற வேலை. அது மோசடி என்று நாங்கள் ஒரு திங்கட்கிழமையே கண்டுபிடித்துவிட்டோம். அன்றைக்கே அந்த விளம்பரத்தை இணைப்பு ஒன்று என்று, மாதிரிக்காக, நம் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். மறுநாளே எச்சரிக்கைச் சுவரொட்டியும் தயார். என்னிடம் ஒப்புதலுக்கு வருகிறது. பார்க்கிறேன். என் பெயருக்கு முன்னால் சமூகச் செம்மல் இல்லை! திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் வருகிறது. பட்டம் இருக்கிறது, படம் பழைய படம். திருப்பி அனுப்பினேன். விரல் நீட்டுகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று நானே ஸ்டூடியோவுக்குப் போனேன். என் சொந்தச் செலவில்! பத்தொன்பது நாள், நண்பர்களே! பத்தொன்பது நாளும் எத்தனையோ பேர் கேட்டார்கள். தரம் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை!"

மண்டபம் அதிரக் கை தட்டியது. யோகேஸ்வரி கை தட்டவில்லை. கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி தலையைத் தூக்கிவிட்டாள். மேடையையும் யோகேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனால் சிலருக்குப் பொறுமை கிடையாது. இணைப்பு ஒன்றைப் பார்த்ததும் பாய்ந்துவிடுகிறார்கள். இணைப்பு இரண்டு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அப்படி அவசரப்பட்ட ஒரு சகோதரியை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்."

பொன்னாடை போர்த்தினார்கள். தாளைக் கையில் திணித்தார்கள். போட்டோகிராபர் இடது பக்கம் குந்தினார். யோகேஸ்வரி 'பேராசையால்' என்ற சொல்லைப் பார்த்தாள். தாளை மடித்தாள்.

"கஸ்தூரி, கேட்டியாடி? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. தெரிஞ்சே பத்தொன்பது நாளு சும்மா இருந்திருக்காங்கடி. நான் உன்னைய விக்கல. நானும்தான்டி..."

மைக் அணைந்துவிட்டது. சுகுமாறன் வேறு மைக்கை எடுத்து, சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், விருந்து தயார் என்று அறிவித்தார். போட்டோகிராபர் கீழே இறங்கும்போது, "அழுகை ரொம்ப நல்லா வந்துச்சு கா" என்றார்.

எல்லாரும் தட்டோடு உட்கார்ந்த நேரத்தில் மண்டபத்தில் நானூறு கைப்பேசிகள் ஒன்றாகச் சிணுங்கின. 'இணைப்பு 1' என்று வந்திருந்தது. கிரிப்டோவில் இழந்த பணத்தை முழுமையாக மீட்டுத் தருகிறோம். முன்கட்டணம் மட்டும் யுஎஸ்டிடியில் கட்டினால் போதும். மூலையில் இயக்கத்தின் முத்திரை.

யோகேஸ்வரி பொன்னாடையோடு ஓடினாள். "அண்ணே, இதுவும் மோசடிதானே? மைக்குல சொல்லுங்கண்ணே, எல்லாரும் இங்கதானே இருக்காங்க!"

"மோசடிதான் மா. அதனாலதானே அனுப்பியிருக்கோம்" என்றார் சுகுமாறன். "இணைப்பு ரெண்டு டிசைனர்கிட்ட இருக்கு. தீபாவளிக்குள்ள வந்துரும். அதுக்கு முன்னாடி வாயால சொன்னா நடைமுறை மீறல்."

அவளே மேசை மேசையாகப் போனாள். கட்டாதீர்கள், இது பொய் என்றாள். கோழி வறுவலைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே ஏமாந்தவங்க? ஏமாந்தவங்க பேச்ச எப்படி நம்பறது? இது தலைவர் குரூப்புல வந்தது மா." அவர் கட்டைவிரல் ஏற்கனவே திரையில் இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர், அனைத்துலகப் பணத்தை எப்படி வாங்குவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்தாள். வண்டிகள் நிற்கிற இடத்தில் கஸ்தூரி தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். யோகேஸ்வரியைக் கண்டதும் நிமிர்ந்தாள். அந்தத் திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

யோகேஸ்வரி இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ரிஜெக்ட்."

கஸ்தூரி அந்தச் செய்தியை அழித்தாள். கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீ பொய் சொல்லல. தெரிஞ்சுருச்சு" என்றாள். "ஆனா இந்த ரிஜெக்ட்ட அன்னிக்கு ஏன்டி சொல்லல?"

உள்ளே தலைவர் மைக்கில் எல்லாரையும் குழுப்படத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார். ஏமாந்தவர்கள் முன் வரிசையில் உட்காரலாம் என்றார்.

கஸ்தூரி தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினாள். நீல ஹெல்மெட் பக்கத்துக் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.